மூன்று வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்களா? அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் அக்கா ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு மீனவ ஊரில் வாழ்க்கைப்பட்டவர். போன மாதம் அவருடைய இளைய மகனை, 7 வயதுப் பிள்ளையை, அதே தெருப் பையன்கள் இரண்டு பேர் உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொன்றுவிட்டதாகப் போலீஸ் சொல்கிறது. ஒருவனுக்கு 13 வயது. இன்னொருவனுக்கு 16 முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள், இன்னும் முடியவில்லை என்று அவன் வீட்டில் சொல்கிறார்கள்.

நீங்கள் எழுதியிருந்த ஊர்ப் பெயர், பையன்களின் பெயர், அவர்கள் அப்பாமாரின் படகு நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்விகள் மூன்று. மூன்று வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்களா? எங்களை ஏன் உள்ளேயே விடமாட்டேன் என்கிறார்கள்? இங்கிலாந்தில் 10 வயசுப் பையன்களையே பெரிய கோர்ட்டில் நிறுத்தினார்களாமே, இங்கே மட்டும் ஏன் இப்படி? இவற்றுக்கு அடியில், கேள்வி என்று சொல்லாமலே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது, கடைசில அவன் என்னையக் கூப்புட்டானான்னு."

நான் 26 வருஷமாக இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் நிற்கிற வக்கீல். இந்த மாதிரி வழக்கில் கொலைப்பழி சுமந்த பையனுக்கும் வாதாடியிருக்கிறேன், செத்த பிள்ளையின் வீட்டாருக்கும் வாதாடியிருக்கிறேன். அதனால் யாரையும் சமாதானப்படுத்துவதற்காக எழுதப்போவதில்லை.

முதலில் அந்த மூன்று வருஷம். 2016 ஜனவரி 15-ல் நடைமுறைக்கு வந்த 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டம்தான் இங்கே பேசும். 13 வயதுப் பையனைப் பொறுத்தவரை ஊர்ப் பேச்சு சரிதான். கொலையாகவே இருந்தாலும் 16 வயது நிறையாதவனை, சிறார் வழக்குகளுக்கென்று இருக்கிற இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். அதிகபட்சம் சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம். அதற்கு மேல் கேட்டு வாங்க எந்தக் கதவும் கிடையாது. யாராவது வக்கீல் "நான் வாங்கித் தர்றேன்" என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவன் விஷயம் வேறு. சம்பவ நாளில் 16 நிறைந்திருந்தால் குழுமம் அவனை முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அந்தக் காரியத்தைச் செய்ய அவனுக்கு மனத்திராணியும் உடல்திராணியும் இருந்ததா, விளைவு என்ன என்று புரிந்துதான் செய்தானா, எந்தச் சூழலில் செய்தான் என்று பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பெரியவர்களைப் போலவே விசாரிக்கலாம் என்று முடிவானால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது அமர்வு நீதிமன்றம்தான். அங்கே மூன்று வருஷ வரம்பு இல்லை. தூக்கும், வெளியே வரவே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடாது. 21 வயது வரை, சிறை அல்லாத 'பாதுகாப்பு இடம்' ஒன்றில் வைத்திருப்பார்கள். பிறகு அவன் எப்படி மாறியிருக்கிறான் என்று பார்த்து விடுவிக்கலாம், மிச்சத் தண்டனைக்குச் சிறைக்கும் அனுப்பலாம். ஆனால் அந்த நீதிமன்றமே "பெரியவனாக விசாரிக்கத் தேவையில்லை" என்று நினைத்தால் மறுபடி மூன்று வருஷக் கணக்குக்குத்தான் வரும்.

16-க்கு மேலானவர்களுக்கான இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமையில் ஒருவன் 18 நிறையாதவன். அவன் மூன்று வருஷம் முடித்து 2015 டிசம்பர் 20-ல் வெளியே வந்தான், இரண்டு நாள் கழித்து 22-ம் தேதி மாநிலங்களவையில் இந்தச் சட்டம் நிறைவேறியது. ஆத்திரத்தின் சூட்டில் வந்த சட்டம் என்று திட்டுபவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை.

ஆகவே உங்கள் வழக்கில் எல்லாம் ஒரு தேதியில் தொங்குகிறது. பெரியவன் பிறந்த தேதி. தீர்ப்பு நாளில் என்ன வயது, பிடிபட்ட நாளில் என்ன வயது என்பதெல்லாம் கணக்கில்லை. சம்பவ நாள்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2005-லேயே சொல்லிவிட்டது. வயதுக்கு எந்த ஆதாரம் முதலில் என்று சட்டத்தின் 94-ம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் பஞ்சாயத்தோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பைப் படம் எடுத்து வயது பார்க்கும் மருத்துவச் சோதனை.

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போது வயது பத்தவில்லை என்றால் வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். பாதிப் பேர் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாத முதலிலும் பிறந்தவர்களாக இருக்கிற வகுப்பை நான் வழக்குக்காகப் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் தேதி எதை வைத்து எழுதப்பட்டது என்று கேள்வி எழுப்பலாம். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிரசவப் பதிவு இருக்கும், ஊர் நர்சம்மாவிடம் தடுப்பூசிக் கணக்கு இருக்கும். இவற்றைத் தேடி எடுத்து, வயது விசாரணை நடக்கும்போதே எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும். முடிந்தபிறகு புலம்பிப் பயனில்லை. இந்தத் தேடல் உங்களுக்கு எதிராகவும் போகலாம். "16 முடிஞ்சுருச்சு" என்று நீங்கள் நம்புவது அவன் மீசையைப் பார்த்துத்தானே? தேதி 15 வயது 11 மாதம் என்று சொன்னால் அதோடு அந்தக் கதவு மூடிவிடும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பெரியவன் வழக்கு குழந்தைகள் நீதிமன்றம் போனால் சின்னவன் வழக்கு குழுமத்திலேயே நிற்கும். ஒரே சாவுக்கு இரண்டு இடத்தில் வாய்தா. மச்சான் கடலுக்குப் போகிற நாளும் வாய்தா நாளும் மோதும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மூன்றாவது நாலாவது வாய்தாவிலேயே பல அப்பாக்கள் வருவதை விட்டுவிடுகிறார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. யார் எந்த நாளுக்குப் போவது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி, உள்ளே விடாதது. இளைஞர் நீதிக் குழுமம் என்பது ஒரு நடுவரும் இரண்டு சமூக சேவகர்களும் உட்காரும் இடம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கூண்டு கிடையாது, உயர்ந்த மேடை கிடையாது, காக்கிச் சட்டையோடு போலீஸ் நிற்கக் கூடாது. வழக்கோடு தொடர்பில்லாதவர்கள் உள்ளே வர முடியாது. அங்கே பேசுகிற மொழியும் வேறு. கைது என்று சொல்லமாட்டார்கள், குற்றவாளி என்று சொல்லமாட்டார்கள். அந்த வார்த்தைகளே கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஒருமுறை நான் கூட்டிப்போன ஒரு தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நடுவர், "குழந்தையைக் கூப்பிடுங்க" என்றார். அந்த அம்மா அரை அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டார். அழைக்கப்பட்டது பழி சுமந்த பையன். திரும்பி என்னிடம், "எம்புள்ளதானங்கய்யா குழந்த" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சட்டப்படி அவனும் குழந்தைதான். அதை அன்றைக்கு அவரிடம் சொல்லக் கூடாது என்கிற அறிவாவது எனக்கு இருந்தது.

அக்காவுக்கும் அது நடக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆனால் உள்ளே விடவில்லை என்பதால் உங்களுக்கு ஒன்றுமே தெரியக் கூடாது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-ம் பிரிவு, பையனைப் பற்றிய அறிக்கைகள் எல்லாம் ரகசியம் என்று சொல்கிறது. குமாஸ்தா அதைக் காட்டித்தான் உங்களைத் திருப்பி அனுப்புவார். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய வழக்குப் பதிவுகளையும் உத்தரவுகளையும் உரிய காகிதங்களையும் மறுக்கக் கூடாது என்கிறது. இந்த ஒரு வரியை மேற்கோள் காட்டி நகல் மனு போடுங்கள். இறந்தவரின் வாரிசும் பாதுகாவலரும் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் வருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளைக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அரசு வக்கீலுக்குத் துணையாக நீங்கள் சொந்த வக்கீல் வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவரின் குரல் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; அந்தப் பையன்கள் ஜாமீன் கேட்டால் அன்றைக்கே எதிர்மனு போட அதை எடுத்துக்கொள்ளலாம். பணம் இல்லை என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் கொடுக்கும், மனு அக்கா பெயரில் இருந்தால் போதும். 15100-க்கு அடித்தால் வழி சொல்வார்கள். நிவாரணத் தொகைக்கும் அங்கேதான் மனு. "புள்ள சாவுக்குக் காசா" என்று மச்சான் கோபப்படுவார். போட்டு வையுங்கள், வழக்கு நடத்தப் போய்வரும் செலவுக்காவது ஆகும்.

கையில் காகிதம் இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் செய்யும் என்பதற்கு குருகிராமில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 8 காலையில், பள்ளிக்குப் போய்ச் சில நிமிடத்தில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக் கழிவறையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தான். அன்றைக்கே பள்ளிப் பேருந்து நடத்துநரைப் போலீஸ் பிடித்தது, ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் அறிவித்தது. ஏழை மனிதர், கேட்க நாதியில்லை, வழக்கு முடிந்த மாதிரிதான். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அந்தக் கதையை ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை வேண்டும் என்று நின்றார். அவர்கள் வந்து பார்த்து, அதே பள்ளியில் 11-ம் வகுப்பு படித்த 16 வயது மாணவனைப் பிடித்தார்கள். பரீட்சை தள்ளிப்போக வேண்டும் என்பதற்காகக் கொன்றான் என்று குற்றச்சாட்டு. நடத்துநர் 2018-ல் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார். அந்தப் பையனைப் பெரியவனாக விசாரிப்பதா என்ற ஒற்றைக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஜூலையில்தான், மதிப்பீட்டைப் போகிற போக்கில் செய்யக் கூடாது, குழந்தை மனநலம் தெரிந்தவர் உதவி இல்லாமல் செய்யக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஐந்து வருஷம், முதல் படியைத் தாண்டவே. ஆனால் அந்த அப்பா முதல் நாள் கதையோடு வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு நிரபராதி இன்று எங்கே இருந்திருப்பார்?

உங்கள் ஊரிலும் ஒரு முதல் நாள் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. "செல்போன் கேம்தான் காரணம்", "கஞ்சா". இருக்கலாம். காகிதத்தில் வரும் வரைக்கும் எதையும் நம்பாதீர்கள். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் பாலியல் கொடுமைக்கான அறிகுறி இருந்தால் போக்சோவும் சேர வேண்டும். சேர்த்திருக்கிறார்களா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

இங்கிலாந்து வழக்கு. நீங்கள் சொல்வது ஜேம்ஸ் பல்ஜர் என்ற பிள்ளை, மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. 1993 பிப்ரவரி 12, லிவர்பூல் பக்கம் பூட்டில் என்ற ஊரில் கடைவளாகம். அம்மா கறிக்கடையில் காசு கொடுக்கிற நேரத்தில், 10 வயதுப் பையன்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது கேமராவில் பதிவாகியிருந்தது. இரண்டரை மைல் நடத்திக்கொண்டு போய் ரயில் பாதையோரம் கொன்றார்கள். வழியில் 38 பேர் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு போனதை, நெற்றியில் அடிபட்டிருந்ததை. அண்ணன்மார் தம்பியைக் கூட்டிப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே 10 வயதிலிருந்தே குற்றப்பொறுப்பு. இங்கே 7 வயதுக்குக் கீழே எதுவுமே குற்றமில்லை, 7-லிருந்து 12 வரை புரிந்து செய்தானா என்று பார்க்க வேண்டும். அந்த வழக்கு 1993 நவம்பரில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில், பெரியவர்களை விசாரிக்கும் நீதிமன்றத்திலேயே மூன்று வாரம் நடந்தது. பையன்களுக்கு எட்டவில்லை என்று கூண்டுத் தளத்தை உயர்த்தினார்கள். நாடே பார்த்தது, தீர்ப்பன்று பெயரும் படமும் வெளியானது. குறைந்தது எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு நீதிபதி 8 வருஷம் என்றார், தலைமை நீதிபதி 10 என்றார், இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கேட்டதால் உள்துறை அமைச்சர் 15 என்றார். 1997-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைச் செல்லாது என்றது. 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது என்னவென்றே புரிந்திருக்காது, நியாயமான விசாரணை இல்லை என்றது. கடைசியில் மறுபடி 8. 2001 ஜூனில் புதுப் பெயரோடு இருவரும் வெளியே. அதில் ஒருவன் பிற்பாடு குழந்தைகளின் ஆபாசப் படங்கள் வைத்திருந்ததற்காக இரண்டு முறை உள்ளே போனான். 2023 டிசம்பரில்கூட அவனை விட மறுத்தார்கள். ஜேம்ஸின் தாய் முப்பது வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்.

பெரிய கோர்ட் கேட்கிறீர்களே, அந்தப் பெரிய கோர்ட்டில் மூன்று வாரமும் இரண்டு பையன்களும் சாட்சிக் கூண்டேறி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரே பார்க்கத் திறந்துவைத்த அறையில் கிடைக்காத ஒரே விஷயம், ஏன் செய்தீர்கள் என்பதற்குப் பதில்.

அடுத்த வருஷமே, 1994 அக்டோபரில், நார்வேயின் டிரான்ட்ஹைமில் 5 வயதுப் பெண் குழந்தையை 6 வயதுப் பையன்கள் அடித்துப் பனியில் போட்டுவிட்டுப் போய், அவள் இறந்துபோனாள். அங்கே குற்றப்பொறுப்பு 15 வயதில்தான். வழக்கே இல்லை, பையன்கள் பாலர் பள்ளிக்குத் திரும்பினார்கள். இது சரி, அது தப்பு என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. பல்ஜர் வீட்டிலும் அந்த நார்வே வீட்டிலும் துக்கம் குறைந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்த 38 பேரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டிக்கடைக்கார அம்மா பிள்ளை அவர்களோடு போனதைப் பார்த்தார், கேட்கவில்லை, அதனால் அக்கா வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேசுங்கள். உயிரோடு கடைசியாகச் சேர்த்துப் பார்த்த சாட்சி அவர்தான். ஒரே தெருப் பையன்கள் கூப்பிட்டால் பிள்ளை போகும், பார்ப்பவர்கள் விடுவார்கள், நீங்களும் விட்டிருப்பீர்கள். இரண்டு வருஷம் கழித்துச் சாட்சி சொல்ல வரும்போது உங்கள் வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்கவே கூசினால் அவர் பிறழ் சாட்சியாகிவிடுவார். எதிர்த்தரப்பு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஊர் விவகாரம். கமிட்டியில் கூட்டம் போட்டு அந்த இரண்டு வீட்டையும் விலக்கி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் பிடிக்கக்கூட விடுவதில்லை என்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாளில் இதே கமிட்டி வேறு பேச்சோடு வரும்: "நடந்தது நடந்துபோச்சு, இவ்வளவு வாங்கிக்கிட்டு முடிச்சுக்கங்க." கொலை வழக்கை ஊர் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. சாட்சிகளைத்தான் முடிப்பார்கள். இரண்டுக்கும் தள்ளி நில்லுங்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு வழக்கில், செத்த பிள்ளையின் சித்தப்பன் ராத்திரியோடு ராத்திரியாகப் பையன் வீட்டு வள்ளத்தையும் வலையையும் கொளுத்திவிட்டார். மறுநாளிலிருந்து என் கட்சிக்காரர்கள் ஸ்டேஷனுக்கு அலைந்தது தங்கள் வழக்குக்காக இல்லை, எதிர்வழக்கில் ஜாமீனுக்காக. கொலை வழக்கு இரண்டாவது வழக்காகிப் போனது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எரிந்த அந்த வள்ளத்தில் அந்தச் சித்தப்பனும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான்.

பெயர்களை எடுத்த காரணம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு. வழக்கில் இருக்கும் எந்தச் சிறாரின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் எந்த வழியிலும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட. வாட்ஸ்அப்பும் இதில் அடங்கும். குடும்பக் குரூப்பில் சுற்றும் அந்தப் பையன்களின் படத்தை இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். இந்தப் பிரிவு நம் பிள்ளைக்கும் பொருந்தும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதானால் பெயரும் படமும் தேதியும் போதும், வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

மச்சான் மூன்றாம் நாளே கடலுக்குப் போய்விட்டார், கல்நெஞ்சம் என்று அக்கா நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரையில் ஆயிரம் பேர் துக்கம் கேட்பார்கள், கடலில் யாரும் கேட்கமாட்டார்கள். நான் பயப்படுவது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கான மீன்பிடித் தடைக்காலத்துக்குத்தான். 61 நாள் படகு கரையில் நிற்கும், மனுஷன் வீட்டில் நிற்பார். குடி ஏறுவது அப்போதுதான். நீங்கள் விடுப்பு எடுப்பதாக இருந்தால் அந்த மாதங்களில் எடுங்கள். கருமாதிக்கு வர முடியவில்லையே என்று மருக வேண்டாம். தூக்கம் இல்லாமல் கிடக்கும் அக்காவுக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியிலும் மனநல மருத்துவர் உண்டு. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று பெரியவர்கள் சொன்னால் தடுக்காதீர்கள், ஆறுதல் எங்கே கிடைத்தாலும் சரி. டாக்டர் கொடுக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மூத்த பிள்ளையைப் பற்றி வருகிறது. 11 வயது, அன்றைக்குத் தம்பியை விட்டுவிட்டுப் பந்து விளையாடப் போனவன். அவனைப் பற்றி வேறு ஒன்றுமே எழுதவில்லை நீங்கள்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை அதற்குப் பதில் சொல்லாது. பையன்களின் வாக்குமூலத்தில் சில சமயம் இருக்கும், பெரும்பாலும் போலீஸ் நடையில் "சத்தம் போட்டான்" என்று ஒரே சொல்லோடு போய்விடும். குழுமத்தில் வக்கீல் மூலம் கேட்கச் சொல்லி மனு போடலாம். நடுவர் விரும்பினால் கேட்பார், பையன் விரும்பினால் சொல்வான். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

அந்தக் கதவோரத்து அம்மாவுக்காக நான் அப்படி ஒரு மனு போட்டேன். நடுவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாகக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான், கூப்பிட்டான் என்று. யாரை என்று நடுவர் கேட்டார்.

"அண்ணேன்னு கூப்புட்டான்."

அம்மாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்தவனை, அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அக்கா கேட்கத்தான் வேண்டும் என்றால் கேட்கட்டும், அது அவர் உரிமை, மனுவை நானே எழுதித் தருகிறேன். அந்த வாய்தா என்று வருகிறது என்பதை மட்டும் முன்னதாகத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு அக்காவின் மூத்த பிள்ளையை யாராவது ஒருவர் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், மணியடிக்கும் வரை வாசலிலேயே இருந்து, திரும்பக் கூட்டிவாருங்கள்.